மேலாளருக்குக் கவர் கொடுப்பது யார்? கால்பந்து ஊழலும் ரகசியக் கேமராவும்

கால்பந்தில் ஊழல் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் சூதாட்டம்தான் நினைவுக்கு வரும். வேண்டுமென்றே தோற்பது, நடுவரை விலைக்கு வாங்குவது, பின்னால் இருந்து ஆட்டுவிக்கும் தரகர்கள். கிரிக்கெட் நமக்குப் பழக்கிவிட்ட காட்சிகள் அவை. இங்கிலாந்துக் கால்பந்தில் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பேசப்படும் ஊழல் வேறு வகை. அதில் ஆட்டத்தின் முடிவை யாரும் தொடுவதில்லை. தன் அணி ஜெயிக்க வேண்டும் என்று மேலாளர் மனதார விரும்புகிறார். அணிக்கு ஆள் வாங்கும்போது தனக்கென்று ஒரு தொகையையும் ஒதுக்கிக்கொள்கிறார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சண்டையில்லாமல் குடியிருக்கும். அதனால்தான் சனிக்கிழமை அரங்கில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவருக்கு எதுவுமே தெரிவதில்லை.

முதலில் மேலாளர் யார் என்பதைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி அவர் வெறும் பயிற்சியாளர் அல்லர். பயிற்சி கொடுப்பார், ஆடும் பதினொருவரைத் தேர்ந்தெடுப்பார். அதோடு எந்த வீரரை வாங்கலாம், யாரை விற்கலாம் என்பதிலும் அவர் சொல்தான் செல்லும். பணம் கிளப்பின் உரிமையாளருடையது. ஆனால் ‘இந்தப் பையன் நமக்கு வேண்டும்’ என்று மேலாளர் சொல்லிவிட்டால், காசோலையில் கையெழுத்திடுபவருக்கு மறுத்துப் பேசும் அளவுக்கு ஆட்ட ஞானம் பெரும்பாலும் இருக்காது. அடுத்தவர் பணத்தில், விலை எழுதப்படாத சரக்கை, தன் ஒரு சொல்லால் வாங்க வைக்கக்கூடிய ஆள் அவர்.

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது பெயின்டர் ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் டப்பாவைத்தான் வாங்கிவரச் சொல்வார். அந்த டப்பாவுக்குள் அவருக்கென்று ஒரு டோக்கன் இருப்பது பல வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. பெயின்ட் நல்ல பெயின்டாகவே இருக்கலாம். ஆனாலும் அவர் அதைச் சுவருக்காகத் தேர்ந்தெடுத்தாரா, டோக்கனுக்காகத் தேர்ந்தெடுத்தாரா என்ற கேள்வி நிற்கிறது. டோக்கன் காசும் வீட்டுக்காரர் கொடுத்த விலைக்குள்தான் அடங்கியிருக்கிறது. டப்பாவின் இடத்தில் வீரரையும், கடையின் இடத்தில் வீரருக்காகப் பேரம் பேசும் முகவரையும், வீட்டுக்காரரின் இடத்தில் கிளப்பையும் வைத்தால் கால்பந்துக் கவரின் கதை அதுதான். தொகையில் மட்டும் சில பூஜ்யங்கள் கூடும்.

எவ்வளவு கூடும் என்பதற்கு ஜார்ஜ் கிரஹாமின் வழக்கு இருக்கிறது. 1986 முதல் ஆர்சனலின் மேலாளராக இருந்தவர், இரண்டு முறை லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தவர். கண்டிப்புக்குப் பேர்போனவர். 1991இல் நார்வேயின் பால் லிடர்சனையும், 1992இல் டென்மார்க்கின் ஜான் யென்சனையும் ஆர்சனல் வாங்கியது. இரண்டுக்கும் இடையில் நின்றவர் ரூனே ஹௌகே என்ற நார்வே முகவர். இந்த இரண்டு பேரங்களையும் தொடர்ந்து, மொத்தம் 4,25,000 பவுண்ட் கிரஹாமின் கைக்கு வந்தது. ஒரு பகுதி லண்டன் ஹோட்டல் ஒன்றில் நோட்டுக் கட்டுகளாகவே வந்தது என்று பின்னர் அவரே எழுதினார். தான் கேட்காமல் வந்த அன்பளிப்பு என்பது அவர் சொன்ன விளக்கம். யென்சனுக்கு ஆர்சனல் கொடுத்தது ஏறக்குறைய 16 லட்சம் பவுண்ட். அவரை விற்ற ப்ரொண்ட்பி கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தது அதைவிட மிகக் குறைவு. நடுவில் கரைந்த தொகை எங்கே என்று தேடப் போய்த்தான் விஷயம் வெளியே வந்தது. கிரஹாம் பணத்தை வட்டியோடு கிளப்பிடம் திருப்பிக் கொடுத்தார். 1995 பிப்ரவரியில் வேலை போனது, இங்கிலாந்துக் கால்பந்தை நிர்வகிக்கும் கால்பந்துச் சங்கம் ஓராண்டுத் தடை விதித்தது. தடை முடிந்த கையோடு லீட்ஸ் அவரை மேலாளராக்கியது. அதன் பிறகு ஆர்சனலின் பரம எதிரியான டாட்டன்ஹாமே அழைத்துக்கொண்டது. இந்த உலகத்தில் வெட்கத்துக்கு ஆயுள் குறைவு.

யென்சன் நான்கு பருவங்களில் ஆர்சனலுக்காக அடித்தது ஒரே ஒரு கோல். அதற்காக அவரை ஊழல் சரக்கு என்று சொல்லிவிட முடியாது. அவர் கோல் அடிக்க வாங்கப்பட்டவர் அல்லர், நடுக்களத்தில் உழைக்க வாங்கப்பட்டவர். 1992 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் டென்மார்க்குக்காகக் கோல் போட்டுவிட்டு வந்தவர். வீரரைப் பார்த்துக் கவரைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நல்ல வீரருக்கும் கவர் போகும், ஒரு பைசா கைமாறாமல் மோசமான வீரரும் வருவார்.

ஏன் பிடிபடுவதில்லை

சாதாரணத் திருட்டில் பறிகொடுத்தவர் கூச்சல் போடுவார். இங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் லாபம். முகவருக்குக் கமிஷன், வீரருக்கு நல்ல சம்பளம், விற்ற கிளப்புக்குப் பணம், மேலாளருக்குக் கவர். நஷ்டப்பட்டவர் அந்த அறையில் இல்லை. சந்தை விலை என்று ஒன்று அச்சிடப்பட்டிருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இருபத்திரண்டு வயது இடதுகால் ஆட்டக்காரருக்கு என்ன விலை என்று எந்த அட்டவணையில் பார்ப்பது? பணமும் இங்கிலாந்தில் நிற்பதில்லை, வேறு நாட்டு வங்கிக் கணக்குகள் வழியாகச் சுற்றிவிட்டு வரும்.

சரியாக விசாரித்தால் தெரிந்துவிடாதா என்றால், விசாரித்தும் பார்த்தார்கள். 2006இல் நாட்டின் முதல்நிலைப் பிரிவான பிரீமியர் லீக், லண்டன் காவல்துறையின் முன்னாள் தலைவர் லார்ட் ஸ்டீவன்ஸைக் கொண்டு வந்தது. 2004 ஜனவரிக்கும் 2006 ஜனவரிக்கும் இடையில் நடந்த 362 வீரர் மாற்றங்களை அவருடைய குழு தோண்டியது. 2007 ஜூனில் வந்த இறுதி அறிக்கையில், திருப்தி தரவில்லை என்று 17 மாற்றங்கள் மிஞ்சின. கேள்விகள் கிடைத்தன, குற்றவாளிகள் கிடைக்கவில்லை. தனியார் விசாரணைக் குழுவால் முகவரின் வெளிநாட்டு வங்கிக் கணக்கை வலுக்கட்டாயமாகத் திறக்க முடியாது. ‘காட்ட மாட்டேன்’ என்று அவர் சொன்னால் அத்தோடு சரி.

பத்திரிகையாளர்கள் வேடம் போட ஆரம்பித்தது இந்த இடத்தில்தான். நடந்து முடிந்த பேரத்தை நிரூபிக்க முடியவில்லை என்றால், பொய்யாக ஒரு பேரத்தை நடத்தி, யார் கை நீட்டுகிறார் என்று பார்ப்பது. 2006 செப்டம்பரில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி ரகசியக் கேமராவோடு முகவர்களிடையே புகுந்தது. அதில் அடிபட்ட பெயர்களில் ஒன்று அப்போது போல்ட்டன் அணியின் மேலாளராக இருந்த சாம் அலர்டைஸ். கமிஷன் வாங்கியதாக முகவர்கள் சொன்னதை அவர் அடியோடு மறுத்தார். அவர்மீது எந்த நடவடிக்கையும் வரவில்லை. பத்தாண்டுகள் கழித்து அதே பெயர் இன்னொரு கேமராவில் வந்தது. இந்த முறை அவர் இங்கிலாந்து தேசிய அணியின் மேலாளர்.

67 நாள் மேலாளர்

2016 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்து, குட்டி நாடான ஐஸ்லாந்திடம் தோற்று வெளியேறியது. அந்த அவமானத்துக்குப் பிறகு ஜூலை 22 அன்று அலர்டைஸ் பொறுப்பேற்றார். ஆண்டுச் சம்பளம் 30 லட்சம் பவுண்ட் என்று செய்திகள் வந்தன. ஆகஸ்டில், முதல் ஆட்டத்துக்கு முன்பே, தூரக்கிழக்கு நாடுகளைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் பிரதிநிதிகள் என்று சொல்லிக்கொண்டவர்களைச் சந்தித்தார். அவர்கள் டெய்லி டெலிகிராஃப் நாளிதழின் நிருபர்கள். அந்த நிறுவனம் காகிதத்தில்கூட உருப்படியாக இல்லாத ஒன்று.

பேசியது என்ன என்பதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் வந்து முதலீட்டாளர்களிடம் உரையாற்ற 4 லட்சம் பவுண்ட் பற்றிப் பேசப்பட்டது. சங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்றும் அவர் சொன்னார். தனக்கு முன் மேலாளராக இருந்த ராய் ஹாட்ஜ்சனின் உச்சரிப்பைக் கிண்டல் செய்தார். தன் முதலாளிகளான சங்கத்தையே குறை சொன்னார். இவற்றில் எதுவும் குற்றமில்லை. வம்பு பேசியது, ஆசைப்பட்டது. உண்மையில் கனமான பகுதி வேறு: வீரர்களின் மூன்றாம் தரப்பு உரிமைக்கு எதிரான விதியைச் சுற்றிப் போக வழி இருக்கிறது என்று அவர் அவர்களிடம் சொன்னார்.

மூன்றாம் தரப்பு உரிமை என்றால், ஒரு வீரரின் விற்பனை மதிப்பில் அவருடைய கிளப் தவிர வேறொரு முதலீட்டாளருக்கும் பங்கு இருப்பது. தென் அமெரிக்காவில் அது சகஜமாக இருந்தது. கையில் காசில்லாத கிளப்புகள் வீரரின் பாதியை அடகு வைப்பதுபோல விற்றுவிடும். சிக்கல் என்னவென்றால், அந்த முதலீட்டாளருக்கு வீரர் ஓரிடத்தில் நிலைப்பதில் லாபமில்லை. அடுத்த விற்பனையில்தான் லாபம். எப்போது, எங்கே ஆட வேண்டும் என்பதை ஆடுகளத்துக்கே வராத ஒருவர் தீர்மானிக்கும் நிலை வந்துவிடும். 2006இல் வெஸ்ட் ஹாம் கிளப் அர்ஜென்டினாவின் கார்லோஸ் டெவெஸையும் ஹாவியர் மாசெரானோவையும் இப்படிப்பட்ட ஏற்பாட்டோடு கொண்டு வந்து, ஒப்பந்த விவரத்தை லீக்கிடம் மறைத்தது. அபராதம் 55 லட்சம் பவுண்ட். ஆனால் புள்ளிகளில் கை வைக்கவில்லை. பருவத்தின் கடைசி நாளில் டெவெஸ் அடித்த கோலில் வெஸ்ட் ஹாம் தப்பிப் பிழைக்க, ஷெஃபீல்ட் யுனைட்டட் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அந்த ஊரில் அந்தக் கோபம் இன்னும் ஆறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. அதன் பிறகு இங்கிலாந்தில் இந்த ஏற்பாடு தடை செய்யப்பட்டது, 2015 மே முதல் ஃபிஃபா உலகம் முழுவதற்கும் தடை போட்டது.

அந்த விதியை எழுதிய சங்கத்தின் சம்பளத்தில் இருப்பவர், அந்த விதியைத் தாண்டுவது பெரிய காரியமில்லை என்று முன்பின் தெரியாத வியாபாரிகளிடம் சொல்கிறார். இதுதான் அவரை வீழ்த்தியது என்று நினைக்கிறேன். செப்டம்பர் 26 மாலை செய்தி வெளியானது, 27ஆம் தேதி இரு தரப்பும் பேசிப் பிரிந்தன. மொத்தம் 67 நாள். இடையில் ஆடியது ஒரே ஆட்டம், ஸ்லோவாக்கியாவில். கடைசி நிமிடக் கோலில் வெற்றி. நூற்றுக்கு நூறு வெற்றி விகிதத்தோடு விலகிய இங்கிலாந்து மேலாளர் என்று கேலியாகச் சொல்வார்கள். அவருடைய இடத்தில் தற்காலிகமாக உட்காரவைக்கப்பட்ட கேரத் சவுத்கேட் அடுத்த எட்டு ஆண்டுகள் எழுந்திருக்கவில்லை.

இந்தமுறை ‘பொறி வென்றுவிட்டது’ என்ற பொருளில் மறுநாள் அலர்டைஸ் சொன்னார். அவர்மீது வழக்கு எதுவும் வரவில்லை. அந்த டிசம்பரிலேயே கிரிஸ்டல் பேலஸ் அவரை வேலைக்கு எடுத்தது.

அதே புலனாய்வில் வந்த இன்னொரு பெயரை வெளிநாட்டு ரசிகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். டாமி ரைட், இரண்டாம் நிலைப் பிரிவில் ஆடிய பார்ன்ஸ்லி கிளப்பின் துணைப் பயிற்சியாளர். அவர் ஓர் உறையை வாங்கிக்கொண்டார். உள்ளே 5,000 பவுண்ட். பதிலுக்குச் செய்ய வேண்டியது: கிளப்பின் வீரர்களைக் குறிப்பிட்ட முகவர்கள் பக்கம் தள்ளிவிடுவது, அந்த முகவர்களின் ஆட்களை வாங்கும்படி கிளப்பில் பேசுவது, கிளப் வீரர்களைப் பற்றிய உள்விவரங்களைக் கொடுப்பது. கிளப் உடனே அவரை நீக்கியது. 2019 டிசம்பரில் லண்டன் சதர்க் நீதிமன்றம் அவரை லஞ்சம் வாங்கிய குற்றவாளி என்றது. பணத்தை ஏற்பாடு செய்த இரண்டு முகவர்களும் குற்றவாளிகளானார்கள். மூவருக்கும் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை.

4 லட்சம் பவுண்ட் பேச்சு உலகத் தலைப்புச் செய்தியானது, 5,000 பவுண்ட் உறை நீதிமன்றம் போனது. புதிதாக இந்த விஷயத்தைப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான். பெரிய தொகை பெரிய குற்றம் என்று மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. ஆனால் பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் தொகையைப் பார்ப்பதில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்ட வேலையை முறைகேடாகச் செய்ய ஆதாயம் பெற ஒப்புக்கொண்டாயா என்று பார்க்கிறது. இந்தச் சட்டத்துக்கு அரசு ஊழியர், தனியார் ஊழியர் என்ற வேறுபாடு கிடையாது என்பதால்தான் ஒரு கால்பந்து கிளப்பின் துணைப் பயிற்சியாளர் கூண்டில் ஏற வேண்டிவந்தது. உரை நிகழ்த்தக் கூலி பேசுவது இந்த வகையில் வராது. அது பதவிக்கு அழகில்லாத காரியம். வேலை வைத்திருப்பவர் கோபித்துக்கொண்டு அனுப்பிவிடலாம், போலீஸுக்கு அதில் வேலையில்லை. இரண்டுக்கும் நடுவில் விளையாட்டு விதிமீறல் என்று ஒரு தனி வகை. மூன்றாம் தரப்பு உரிமை அதில் சேரும். சட்டப்படி குற்றமில்லை, ஆனால் சங்கம் தடை விதிக்கும், அபராதம் போடும். ரகசிய வீடியோவில் இந்த மூன்றும் ஒரே மங்கலான வெளிச்சத்தில், ஒரே கரகரப்பான ஒலியில் வரும். பார்ப்பவருக்கு எல்லாமே குற்றமாகத்தான் தெரியும்.

இன்னொன்று, முகவர்கள் அளப்பார்கள். பிரீமியர் லீக் மேலாளர்கள் பலர் தன்னிடம் கவர் வாங்கியதாக ஒரு முகவர் டெலிகிராஃப் நிருபர்களிடம் பெயர் பெயராகச் சொன்னார். வாடிக்கையாளரை மயக்க, எனக்குத் தெரியாத ஆளில்லை என்று காட்டிக்கொள்வது அந்தத் தொழிலின் பாதி. ஒருவர் கேமராவுக்கு முன்னால் பணம் வாங்குவதும், இன்னார் வாங்கினார் என்று மூன்றாம் ஆள் சொல்வதும் ஒன்றாகிவிடாது. நாளிதழ் அந்தப் பெயர்களை அச்சிடவில்லை.

வேடம் போடுவது சரியா

பொய் சொல்லி உண்மையை வாங்குவது பத்திரிகை தர்மமா என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் பத்திரிகை நெறிமுறை ஒரு பதில் வைத்திருக்கிறது. பொதுநலன் இருக்க வேண்டும். வேறு வழியில் அந்தத் தகவல் கிடைக்கக் கூடாது. இரண்டும் இருந்தால்தான் ஆள்மாறாட்டத்துக்கும் மறைந்த கேமராவுக்கும் இடமுண்டு. கேள்விப்பட்ட சந்தேகம் எதுவும் கையில் இல்லாமல், யாராவது மாட்டுவார்களா என்று வலை வீசிப் பார்ப்பது இதில் அடங்காது.

இந்த நெறியை வைத்து 2006 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் நிருபர் மஸ்ஹர் மஹ்மூத் பணக்கார அரபு ஷேக்காக வேடமிட்டு, அன்றைய இங்கிலாந்து மேலாளர் ஸ்வென்-யோரன் எரிக்சனை துபாய்க்கு வரவழைத்தார். உலகக் கோப்பைக்குப் பிறகு ஆஸ்டன் வில்லா கிளப்பின் மேலாளராக வரலாம் என்று எரிக்சன் பேசினார், தன் வீரர்களைப் பற்றியும் வாய்விட்டுப் பேசினார். யாருக்கும் கவர் போகவில்லை, எந்த விதியும் உடையவில்லை. வேறு வேலை தேடும் ஒரு மனிதரின் பேச்சு, அவ்வளவே. சில நாட்களில், அந்த உலகக் கோப்பையோடு அவர் விலகுவார் என்று சங்கம் அறிவித்தது. என் கணக்கில் அது செய்தி வியாபாரம், பொதுநலன் அல்ல. அதே மஹ்மூத், வேறொரு வழக்கில் சாட்சியத்தைக் குலைக்கச் சதி செய்ததற்காக 2016 அக்டோபரில் 15 மாதச் சிறைக்குப் போனார். அலர்டைஸ் விலகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பொறி வைப்பவர்களின் கையும் எப்போதும் சுத்தம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2016 விவகாரத்தில் என் தீர்ப்பு பாதிப் பாதி. பார்ன்ஸ்லி உறையைப் பொறுத்தவரை வேறெந்த வழியிலும் அது வெளியே வந்திருக்காது. அலர்டைஸைப் பொறுத்தவரை விதி பற்றிய பேச்சு செய்தி; ஹாட்ஜ்சனைக் கேலி செய்தது வெறும் மசாலா. ஆனால் மசாலாதான் அதிகம் விற்றது.

இதே முறை ஆப்பிரிக்காவில் இன்னும் நேரடியாக நடந்தது. கானாவின் அனஸ் அரெமேயாவ் அனஸ், முகத்தை மணிச்சரங்களால் மறைத்துக்கொண்டே பொதுவில் தோன்றும் நிருபர். 2017 செப்டம்பரில், முகவர்களாக நடித்த அவருடைய ஆட்களிடம் நைஜீரியப் பயிற்சியாளர் சலிசு யூசுஃப் ரொக்கம் வாங்குவது பதிவானது. ஒரு போட்டிக்கு இரண்டு வீரர்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பேச்சு அது. வீரர்களைத் திறமை பார்த்தே தேர்ந்தெடுத்ததாக அவர் சொன்னார். நைஜீரியச் சங்கம் ஓராண்டுத் தடையும் 5,000 டாலர் அபராதமும் விதித்தது. 2018இல் அனஸ் குழு வெளியிட்ட பதிவுகளில் கானா கால்பந்துச் சங்கத்தின் தலைவரே 65,000 டாலரைப் பையில் வைத்துக்கொண்டார். ஏராளமான நடுவர்களும் சிக்கினார்கள். அந்தக் குழுவில் ஒருவரான அகமது ஹுசைன்-சுவாலேயின் படத்தை ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் தொலைக்காட்சியில் காட்டினார். 2019 ஜனவரியில் தலைநகர் அக்ராவில் ஹுசைன்-சுவாலே சுட்டுக் கொல்லப்பட்டார். லண்டனில் பொறி வைத்த நிருபருக்கு வரக்கூடியது வக்கீல் நோட்டீஸ். அக்ராவில் வந்தது துப்பாக்கி.

இப்போது இங்கிலாந்தின் பெரிய கிளப்புகளில் மேலாளரின் அந்தப் பழைய ராஜ்யம் சுருங்கிவிட்டது. வீரர்களை வாங்குவது விளையாட்டு இயக்குநர் என்ற தனி அதிகாரியின் வேலை. புள்ளிவிவரக் குழு பட்டியல் தரும். பயிற்சியாளர் கருத்துச் சொல்வார். அதனால் கவர் ஒழிந்தது என்று அர்த்தமில்லை, கவர் தேடிப் போகும் முகவரி மாறுகிறது. முகவர்களின் வருமானமோ குறையவே இல்லை: 2024 பிப்ரவரியோடு முடிந்த ஓராண்டில் பிரீமியர் லீக் கிளப்புகள் முகவர்களுக்குக் கொடுத்தது 40 கோடி பவுண்டுக்கும் மேல். இது கணக்கில் காட்டப்பட்ட, முறையான பணம். சங்கமே வெளியிட்ட எண். முகவர் கமிஷனுக்கு உச்சவரம்பு வைக்க ஃபிஃபா 2023இல் விதி கொண்டுவந்தது. இங்கிலாந்தில் பெரிய முகவர் நிறுவனங்கள் எதிர்த்துப் போயின. அந்த உச்சவரம்பு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று, தகராறைத் தீர்க்க அமைத்த நடுவர் மன்றம் சொல்லிவிட, அங்கே அது நடைமுறைக்கு வரவில்லை.